முக்கால் மில்லிமீட்டர்

மார்ச் 4

தம்பிக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நான் கத்துகிறேன், மூன்றாவது நிமிடம் நீ வைத்துவிடுகிறாய். அப்புறம் நாலு நாளைக்கு எனக்கு வேலை ஓடுவதில்லை. அதனால்தான் கடிதம். யோசனை என்னுடையது அல்ல, உன் மனைவியுடையது. "ரெண்டு பேரும் எழுதித் தொலைங்க அண்ணி, நடுவுல நின்னு நின்னு எனக்குக் கால் வலிக்குது" என்றாள். பாவம், அவளாவது உட்காரட்டும்.

உறைக்குள் இரண்டு பிலிம் இருக்கிறது. அப்பா கேட்டது. "அவனும் எக்ஸ்ரே, நீயும் எக்ஸ்ரே. அவன் எடுக்கிறது என் நெஞ்சு, நீ எடுக்கிறது எவன் நெஞ்சு? அனுப்பு, என் லைட் பெட்டியில மாட்டிப் பாக்கறேன்" என்று பேசும்போதெல்லாம் கேட்பார். அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்று நாலு வருடம் சொன்னேன். இப்போது அனுப்புகிறேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை.

இரண்டும் ஒரே பொருளின் படம். சூப்பர்நோவா எச்சம் என்போம். பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்துச் செத்துப்போனால், அதன் உடம்பு எல்லாப் பக்கமும் சிதறிக்கொண்டே போகும். பல கோடி டிகிரிச் சூடு. அந்தச் சூட்டில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமாக ஒளிராது, எக்ஸ்ரேயாக ஒளிரும். காற்று அதைக் கீழே விடாது என்பதால் எங்கள் தொலைநோக்கி மேலே விண்வெளியில் சுற்றுகிறது. ஒரு படம் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எடுத்தது, மற்றது போன வருடம் எடுத்தது. மூலையில் இருக்கும் கூட்டல் குறிகளைப் பொருத்தி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், இடைப்பட்ட காலத்தில் அது எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்க்கலாம். அப்பாவுக்குப் பிடித்திருக்கும்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் நான் வந்து இறங்கியபோது அப்பாவுக்கு எல்லாம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. அவர் நுரையீரலில் கட்டி இருப்பதை ஜூன் மாதப் படத்திலேயே நீ பார்த்துவிட்டாய். எனக்குச் சொன்னது ஜூலைக் கடைசியில். சொல்ல வேண்டாம் என்று அப்பாதான் உன்னைக் கட்டிப்போட்டார் என்கிறாய். சரி, நம்புகிறேன். ஆனால் உறவுக்காரர்கள் முன்னால் அன்றைக்கு நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாய். திரும்பக் கேட்கிறேன். ஜூன் படத்தைக் கேட்கவில்லை. இருமல் என்று ஜனவரியில் நீ எடுத்தாயே, முதல் படம், அதில் அது இருந்ததா? ஆம், இல்லை. ஒரு வார்த்தை போதும்.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

பிலிம் வந்து சேர்ந்தது. தபால்காரர் மடிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார், அதுவே பெரிய விஷயம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனபோது தூக்கிப் போட்ட லைட் பெட்டி அது, உனக்குத் தெரியும். அப்பா அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த வெளிச்சத்தில் பேப்பர் படிப்பார். அவர் போனதிலிருந்து அதைப் போடவில்லை. உன் பிலிமுக்காகத் துடைத்துப் போட்டேன். ஒரு டியூப் மினுக் மினுக் என்றது, அப்புறம் பிடித்துக்கொண்டது.

படம் அழகாக இருக்கிறது. உடைந்த வளையம் மாதிரி ஒன்று, உள்ளே முடிச்சு முடிச்சாக, நடுவில் ஒரு பளிச்சென்ற புள்ளி. ரொம்ப நேரம் பார்த்தேன். எங்கள் வேலையில் எக்ஸ்ரேயை நாங்கள் அனுப்புகிறோம், உடம்பு எதை மறித்ததோ அதன் நிழலைப் பிடிக்கிறோம். உன்னுடையதில் யாரும் எதையும் அனுப்பவில்லை, அதுவே அனுப்புகிறது. நோயாளியைத் திரும்பு, நில், மூச்சைப் பிடி என்று சொல்லத் தேவையில்லை. கொடுத்துவைத்தவள். நான் அதை ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறேன். வீட்டுக்கு வந்தால் இவளிடம் பேசக்கூடத் தொண்டை இல்லை.

நீ அனுப்பியது அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறதென்றால் வெளிச்சம் எவ்வளவு இருக்கும்? படம் எடுக்க எத்தனை நேரம்? நடுப்புள்ளி என்ன? முடிச்சுகளுக்கு ஏன் வேறு வேறு நிறம்? முடிந்தால் எழுது.

மற்றது பற்றி அப்புறம் எழுதுகிறேன். இன்றைக்கு முடியவில்லை. முதுகு வலி.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் முதுகு வலி எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மார்க் ஷீட் கொடுத்த அன்றைக்கெல்லாம் வயிற்று வலி வரும். இப்போது மேலே ஏறிவிட்டது போல.

சரி, கேட்டதற்குப் பதில். வெளிச்சம் என்று சொல்வதே அதிகம். ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறோம். ஒன்று வந்தது, இந்த இடத்தில், இந்த நேரத்தில், இந்த ஆற்றலோடு என்று குறித்துக்கொள்கிறோம். பளிச்சென்ற முடிச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் வரும். மங்கலான ஓரத்தில் அரை நாள் தொலைநோக்கியை நிறுத்தி வைத்தாலும் ஆறு வரும், ஏழு வரும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எங்களுக்குக் கொடுத்தது அரை நாள். போன வருடம் கெஞ்சிக் கூத்தாடி நாலு நாள் வாங்கினேன்.

ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி ஆற்றல். குரலைக் கேட்டே வாசலில் நிற்பது யார் என்று சொல்வோமே, அப்படி. சிலிக்கானுக்குப் பச்சை, கந்தகத்துக்கு நீலம், இரும்புக்குச் சிவப்பு என்று நாங்கள் நிறம் கொடுக்கிறோம். நட்சத்திரத்துக்குள்ளே எது அடியில் இருந்தது, எது மேலே இருந்தது, வெடித்தபோது எது எந்தப் பக்கம் போனது என்று அதில் தெரிகிறது. பிணத்தைத் திறந்து பார்க்காமலே பிரேதப் பரிசோதனை.

நடுப்புள்ளி, செத்த நட்சத்திரத்தின் கரு. ஒரு ஊர் அளவுதான், எடை சூரியனைவிட அதிகம்.

என் கண்டுபிடிப்பைச் சொல்கிறேன், கேள். இரண்டு படத்தையும் பொருத்திப் பார்த்தால், இடது பக்கம் நொடிக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, வலது பக்கம் மூவாயிரம். அதாவது இந்த நட்சத்திரம் ஒழுங்காக வெடிக்கவில்லை, ஒரு பக்கமாக வெடித்திருக்கிறது. இவ்வளவு கோணலாக யாரும் இதுவரை பார்த்ததில்லை. கட்டுரையை மூன்று நிபுணர்கள் படித்து ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஜூன் கடைசியில் அச்சாகிறது. செப்டம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இந்தக் கட்டுரை இருந்தால் நீட்டிப்பார்கள். இல்லாவிட்டால் நாற்பத்தேழு வயதில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இந்த வயதில் எவன் எனக்கு மேஜை போடுவான்?

சோர்ந்துபோயிருக்கிறேன், தம்பி. என் அறையில் ஜன்னல் கிடையாது. நாலு திரை, ஒரு கெட்டில், அடுத்த அறைக்காரனின் தும்மல். பதினாலு வருடமாக இதுதான் என் வானம்.

நீ ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். ஆம் அல்லது இல்லை.

அக்கா


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். இவள் சொன்னாள்: "உங்க அக்காகிட்ட வாயைக் குடுத்து வாங்கிக் கட்டிக்காதீங்க." இருந்தாலும் எழுதுகிறேன். நான் சொல்வது தப்பாக இருந்தால் சிரித்துவிட்டுக் கிழித்துப் போடு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சும்மாதான் இருந்தேன். உன் இரண்டு பிலிமையும் கூட்டல் குறி பார்த்துப் பொருத்தி, மேலே க்ளிப் போட்டு மாட்டினேன். நீ சொன்ன மாதிரியே இருந்தது. இரும்பு ஸ்கேல் வைத்து அளந்தேன். இடது ஓரம் மூன்றரை மில்லிமீட்டருக்கும் மேல் நகர்ந்திருக்கிறது, வலது ஓரம் இரண்டுக்குக் கொஞ்சம் மேல். நடுப்புள்ளி ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

ஆனால் வளையத்துக்கு வெளியே, ஓரங்களில், தூசி மாதிரி சில புள்ளிகள் இருக்கின்றன. பழைய படத்தில் இருக்கிறதா இல்லையா என்ற மாதிரி, புதுப் படத்தில் கொஞ்சம் தெளிவாக. பிலிமில் அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்தேன், போகவில்லை. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். ஐந்து புள்ளிகள் இரண்டு படத்திலும் இருக்கின்றன. ஐந்தும் பொருந்தவில்லை. ஐந்தும் ஒரே பக்கமாக, இடது பக்கமாக, ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் தள்ளி இருக்கின்றன. அழுக்கு இப்படிச் சொல்லிவைத்த மாதிரி ஒரே அளவு நகராது, அக்கா.

எங்கள் இடத்தில் போன வருடத்து நெஞ்சுப் படத்தையும் இந்த வருடத்துப் படத்தையும் ஒப்பிட வேண்டுமென்றால், இதயத்தை வைத்துப் பொருத்தமாட்டோம். அது துடிக்கும். உதரவிதானத்தை வைத்தும் பொருத்தமாட்டோம், மூச்சுக்கு ஏறி இறங்கும். முதுகெலும்பைத்தான் பிடிப்போம். அது எங்கேயும் போகாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சொல்லிக்கொடுப்பது இது.

நான் க்ளிப்பைத் தளர்த்தி, அந்த ஐந்து புள்ளிகளும் பொருந்துகிற மாதிரி மேல் பிலிமை நகர்த்தினேன். அப்போது நடுப்புள்ளி முக்கால் மில்லிமீட்டர் வலது பக்கம் நகர்ந்து நின்றது. ஓரங்களை அளந்தேன். இடது பக்கம் மூன்று. வலது பக்கமும் மூன்று.

நீ எந்த எலும்பைப் பிடித்துப் பொருத்தினாய்?

தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

ஆஹா, பிரமாதம். இருபத்து மூன்று வருடப் படிப்பு, மூன்று நிபுணர்கள், ஒரு தொலைநோக்கி, எல்லாவற்றையும் ஓர் இரும்பு ஸ்கேலை வைத்துக் கவிழ்த்துவிட்டாய்.

நடுப்புள்ளியைப் பிடித்துத்தான் அந்தக் கூட்டல் குறிகளைப் போட்டேன். வேறு எதைப் பிடிக்கச் சொல்கிறாய்? பழைய படத்தில் அந்த ஓரப் புள்ளிகளுக்கு ஆறு ஒளித்துகள், ஏழு ஒளித்துகள். ஆறு துகளை வைத்து இடம் சொன்னால் சிரிப்பார்கள். நடுப்புள்ளிக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. நீ பார்ப்பது பிரிண்டரின் பிசகு. பிலிம் இழுத்திருக்கும், மை பரவியிருக்கும். ஆஸ்பத்திரியில் மூச்சைப் பிடி, மூச்சை விடு என்று சொல்வதும் இதுவும் ஒன்றல்ல.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. என் படத்தில் முக்கால் மில்லிமீட்டரைக் கண்டுபிடிக்கிற கண், நம் அப்பா படத்தில் எங்கே போயிருந்தது?

அக்கா


மே 6

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இவள் படிக்கக் கேட்டாள், கொடுக்கவில்லை.

பிரிண்டர் பிசகாக இருக்கலாம். எனக்கு உன் வேலை தெரியாது. பிலிமைத் திருப்பி அனுப்பவா? இல்லை அப்பா அறையிலேயே இருக்கட்டுமா?

நீ கேட்டதற்குப் பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். தேதி போடுவேன். அப்புறம் தாளைக் கிழித்துப் போடுவேன்.

தம்பி


மே 20

தம்பிக்கு,

பிலிமை அனுப்பாதே. அங்கேயே இருக்கட்டும்.

முதலில் ஒன்று. போன கடிதத்தின் கடைசி வரியை நான் எழுதியிருக்கக்கூடாது. தபாலில் போட்டுவிட்டுத் திரும்பும்போதே தெரிந்தது. அந்தப் பெட்டியில் கையைவிட்டு எடுக்க முடியாது.

உன்மேல் இருந்த எரிச்சலில்தான் சரிபார்க்க உட்கார்ந்தேன். இவன் மூக்கை உடைக்கிறேன் பார் என்று. ஓரப் புள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஆறு ஏழு துகள்தான். ஒன்றை மட்டும் நம்ப முடியாது, உண்மை. ஆனால் உற்றுத் தேடினால் அப்படி ஒன்பது புள்ளிகள் இருக்கின்றன. நீ பார்த்தது ஐந்து. ஒன்பதையும் சேர்த்தால் அறுபதுக்கு மேல் துகள்கள். அவையெல்லாம் எச்சத்துக்குப் பின்னால் லட்சக்கணக்கான மடங்கு தூரத்தில் இருக்கும் வேறு பொருள்கள், பன்னிரண்டு வருடத்தில் இம்மியும் நகராதவை. பதினொரு நாள் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். ஒன்பதும் ஒரே பக்கம் போகின்றன. பிரிண்டர் பாவம், அதன்மேல் தப்பில்லை.

நகர்ந்தது நடுப்புள்ளி. வெடிப்பு தன் கருவையே தூக்கி எறிந்திருக்கிறது, நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில், வலது பக்கமாக. நான் அது நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அளந்தேன். அதனால் அது போகிற பக்கம் மெதுவாகவும், அது விட்டுப்போகிற பக்கம் வேகமாகவும் தெரிந்திருக்கிறது. நட்சத்திரம் கோணலாக வெடிக்கவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நாலாயிரம். என் கோணல்தான் அது.

கரு ஓடுகிறது என்பதும் ஒரு செய்திதான். ஆனால் வேறு எச்சங்களில் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். அதற்காக யாரும் ஒப்பந்தத்தை நீட்டமாட்டார்கள்.

எங்கள் குழுத் தலைவரிடம் காட்டினேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். "இது வேற யாருக்குத் தெரியும்?" என்றார். "என் தம்பிக்கு" என்றேன். "அவரும் இந்தத் துறையா?" "ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே டெக்னீஷியன்." அவர் சிரித்துவிட்டார். "அப்ப விடுங்கம்மா. ஆறு துகளை வச்சு எவனும் உங்களைக் கேக்க மாட்டான். அச்சாகட்டும். நாலு வருஷம் கழிச்சு மூணாவது படம் எடுப்பாங்க, அப்ப தானா தெரியும். அதுக்குள்ள நீங்க நிரந்தரம் ஆயிடுவீங்க" என்றார். கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்.

அச்சகத்துக்குப் போவதற்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நிறுத்தச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். நாலு வரி. தினமும் அதைத் திறந்து பார்க்கிறேன், மூடுகிறேன். எனக்குத் தைரியம் இல்லை, தம்பி. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று மேடையில் பேசுகிறவள்தான் நான். மேடையில் பேசும்போது சம்பளம் வந்துகொண்டிருந்தது.

உன்னிடம் யோசனை கேட்கவில்லை. சொல்ல வேறு ஆள் இல்லை, அதனால் சொல்கிறேன்.

அக்கா


ஜூன் 1

அக்காவுக்கு,

இருந்தது.

நீ மார்ச்சில் கேட்டதற்குப் பதில் இது. ஜனவரிப் படத்தில் இருந்தது.

இனி எழுத வரும் என்று நினைக்கிறேன். எழுதிவிடுகிறேன், நிறுத்தாமல் படி.

அன்றைக்கு வெளியே முப்பது பேர் வரிசை. இரண்டு மெஷினில் ஒன்று ரிப்பேர். அப்பாவை நடுவில் நுழைத்துக் கூட்டிக்கொண்டு போனதற்கே முணுமுணுத்தார்கள். தட்டில் நெஞ்சை ஒட்டி நிற்க வைத்தேன். "மூச்சை இழுங்கப்பா, பிடிங்க" என்றேன். பிடிக்க முடியாமல் இருமிவிட்டார். படம் கொஞ்சம் அசைந்திருந்தது. திரையில் பார்த்தேன். இடது கழுத்தெலும்புக்குப் பின்னால் ஒரு வெளுப்பு. எலும்பும் விலாவும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அப்படித் தெரியும், தினமும் பார்க்கிறேன். பத்தில் ஒன்பது தடவை அது ஒன்றுமில்லை.

சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆளைப் பின்பக்கமாகச் சாய்த்து நிற்க வைத்து இன்னொரு படம் எடுக்க வேண்டும். கழுத்தெலும்பு மேலே ஏறிவிடும், பின்னால் ஒளிந்திருப்பது வெளியே வந்துவிடும். இரண்டு நிமிட வேலை. "இன்னொண்ணு எடுக்கலாம்பா" என்றேன். "போதும்டா, காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, வெளியே ஜனங்க நிக்கிறாங்க" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். யாருக்கும் தெரியாத நோயாளியாக இருந்திருந்தால் அதட்டி நிற்க வைத்திருப்பேன். அப்பாவை அதட்ட வாய் வரவில்லை. டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்து ஒன்றுமில்லை என்று எழுதினார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். வெளுப்பு இருந்தது என்று அவரிடம் சொல்லவில்லை.

ஜூனில் அதே இடத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு இருந்தது. அன்றைக்கு ராத்திரி ஜனவரிப் படத்தை எடுத்து வைத்து, முதுகெலும்பைப் பொருத்திப் பார்த்தேன். அதே இடம்தான், அக்கா. மயிரிழை மாறவில்லை.

அப்பா சொல்ல வேண்டாம் என்றது உண்மை. ஆனால் அவர் சொல்லாவிட்டாலும் நான் உனக்குப் போன் செய்திருக்கமாட்டேன். நீ எடுத்த எடுப்பிலேயே முதல் படத்தைக் கேட்பாய் என்று தெரியும். அதற்குப் பயந்துதான் நாளைக் கடத்தினேன். நீ ஒரு நாள் பிந்தி வந்ததற்கு நான்தான் காரணம்.

இவளிடம்கூட நேற்றுத்தான் சொன்னேன். டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உன் கட்டுரையை என்ன செய் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு அந்தத் தகுதி இல்லை. இது மட்டும் சொல்கிறேன். பதினேழு மாதமாக யாருக்கும் தெரியாது என்பதை நெஞ்சில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறேன். லெட் ஏப்ரனை, அந்த ஈயக் கவசத்தைக் கழற்றி மாட்டிய பிறகும் அதைப் போட்டுக்கொண்டிருக்கிற மாதிரியே இருக்கிறது. உன் தலைவர் நாலு வருடம் என்கிறார். நாலு வருடம் ரொம்ப நீளம்.

தம்பி


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்து, திரும்ப முதலிலிருந்து படித்தேன். கூட்டுகிற அம்மா வந்து, "கொஞ்சம் நகருங்க, தண்ணி ஊத்தணும்" என்றார். நகர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் மேலே போய் அந்த நாலு வரியை அனுப்பிவிட்டேன். பத்திரிகையிலிருந்து மறுநாளே பதில் வந்தது, கட்டுரையை எடுத்துவிட்டார்கள். தலைவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "உங்க தம்பிய இங்க வேலைக்கு எடுத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒப்பந்தம் செப்டம்பரோடு சரி. பிலிமில் இருந்ததைச் சரியான அளவுகளோடு சின்னக் கட்டுரையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் உன் பேரைப் போடுவேன். வேண்டாம் என்று எழுதாதே, கேட்கமாட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். பேனா நகரவில்லை. கோபம் இருக்கிறது. அந்த இரண்டு நிமிடத்தைத் தினமும் எண்ணிப் பார்க்கிறேன். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை, அதனால் இதைச் சொல்கிறேன். ஐந்து மாதம் முன்னால் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று இங்கே ஒரு டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை கேட்டு உன்னை இத்தனை மாதம் அரித்தவளுக்கு அதுதான் பதில்.

நான் மறைத்ததும் ஒன்று இருக்கிறது. அந்த ஜனவரியில் அப்பா என்னிடம் போனில் பேசினார். பேச்சுக்கு நடுவில் நாலு தடவை இருமினார். நான் தொலைநோக்கி நேரத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன், மறுநாள் கடைசித் தேதி. "தம்பிகிட்ட ஒரு படம் எடுத்துக்கோங்கப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அப்புறம் பேசியது மார்ச்சில். நீ கூப்பிட்டபோதெல்லாம் நீ ஏன் சொல்லவில்லை, நீ ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேனே, அப்போதெல்லாம் நான் நின்ற இடத்திலேயே நிற்பதாகவும், நீங்கள் எல்லாரும்தான் என்னைவிட்டுத் தள்ளிப் போனதாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டைவிட்டுப் பதினாலு வருடமாகப் போய்க்கொண்டிருப்பது நான்தான்.

அக்டோபர் மூன்றாம் தேதி டிக்கெட் போட்டிருக்கிறேன். இரண்டு பெட்டிதான், ஸ்டேஷனுக்கு வந்து நிற்காதே, வரிசையில் நிற்கிறவர்களைப் பார். கெட்டிலை அடுத்த அறைக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் தும்மிக்கொண்டே வாங்கிக்கொண்டான். வந்தபிறகு என்ன வேலை செய்வேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. கொஞ்ச நாள் தூங்க வேண்டும். உன் மனைவியிடம் சொல், நடுவில் நின்றது போதும், இனி அவள் உட்காரலாம்.

லைட் பெட்டியை யாருக்கும் கொடுத்துவிடாதே. மினுக்குகிற டியூபை மாற்றி வை. என் பிலிம் இரண்டையும் கழற்றி உறையில் போட்டுவிட்டு, அப்பாவின் ஜனவரிப் படத்தையும் ஜூன் படத்தையும் பிலிமில் பிரிண்ட் போட்டு எடுத்து வை. நீ தனியாக மாட்டிப் பார்க்காதே. நான் வந்துவிடுகிறேன். நீ முதுகெலும்பைப் பொருத்திப் பிடித்துக்கொள், நான் க்ளிப் போடுகிறேன்.

அக்கா